சுரண்டலில் எத்தனை தினுசு!

காலையில் எழுந்ததிலிருந்து அடுப்பை அணைக்கும் வரையில், சமையலறையில் நீங்கள் எத்தனை தடவை 'ஸ்க்ரேப்' செய்கிறீர்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணியிருக்க மாட்டீர்கள். ஏனென்றால் நீங்கள் 'ஸ்க்ரேப்' செய்வதே இல்லை! தேங்காயைத் துருவுகிறீர்கள். கிரைண்டரிலிருந்து மாவை வழிக்கிறீர்கள். மாங்காயின் தோலைச் சீவுகிறீர்கள். இஞ்சியைச் சுரண்டுகிறீர்கள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தையோ, மூக்கால் அழுதுகொண்டே தேய்க்கிறீர்கள். இந்த ஐந்துக்கும் சேர்த்து ஆங்கிலேயன் கையில் சட்டென்று கிடைக்கிற சொல் ஒன்றே ஒன்றுதான்: 'ஸ்க்ரேப்'.

ஆங்கிலத்தில் வேறு சொற்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. 'கிரேட்' உண்டு, 'பீல்' உண்டு, 'ஸ்க்ராட்ச்' உண்டு. ஆனால் எங்கே எது வாய்க்கவில்லையோ அங்கே ஓடி வந்து உதவுகிற வேலைக்காரச் சொல் இந்த 'ஸ்க்ரேப்'தான். அதன் பூர்வீகத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தால் சுவாரஸ்யமான சங்கதிகள் வெளியே வருகின்றன. அவற்றில் சில, சென்னையிலிருந்து நேரே நம்மைக் கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் கொண்டுபோய் விடுகின்றன. வாருங்கள், போய்வரலாம்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்க்ராபியான்' என்று ஒரு சொல் இருந்தது. நகத்தால் பிறாண்டுவது என்று அர்த்தம். அதே குடும்பத்தைச் சேர்ந்த 'ஸ்க்ராப்பா' என்ற சொல்லை ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகள் பேசினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் பிறகு இங்கிலாந்திலேயே குடியேறி, சம்பந்தமும் செய்துகொண்டார்கள். இரண்டு சொற்களும் கலந்து உருவானதுதான் இன்றைய 'ஸ்க்ரேப்'. ஸ்வீடன் தேசத்தார் இன்றும் 'ஸ்க்ராப்பா' என்றுதான் சொல்லுகிறார்கள்.

கூடவே 'ஸ்க்ராப்' என்ற பிள்ளையும் வந்து சேர்ந்தது. சுரண்டும்போது உதிர்வது எதுவோ, அது 'ஸ்க்ராப்'. நம் ஊர்க் காயலான் கடைக்காரரின் தொழில் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகிறது. பத்திரிகையில் வந்த தொடர்கதையையும் கோலத்தையும் கத்தரித்து ஒட்டி வைக்கிறீர்களே, அந்த 'ஸ்க்ராப் புக்'கும் இதே வம்சந்தான்.

ஒரு சொல் ஊரில் நாலு பேரோடு பழகிவிட்டால் பல வேஷங்கள் போடும். பையன் பரீட்சையில் முப்பத்தைந்து மார்க்கோடு தப்பித்தால் 'ஸ்க்ரேப்' ஆகிப் பாஸ் செய்தான் என்பார்கள். இரண்டு பக்கச் சுவரும் உரச உரச, இடுக்கில் புகுந்து வெளியே வந்த மாதிரி! ஏதாவது வம்பில் மாட்டிக் கொண்டாலும் 'ஸ்க்ரேப்'தான். மேலதிகாரியின் எதிரில் குனிந்து வளைந்து குழைகிறவரைப் பற்றியும் இதே சொல்லைச் சொல்வார்கள். பழைய நாளில் ஐரோப்பியக் கனவான்கள் வணங்கும்போது ஒரு காலைப் பின்னுக்கு இழுப்பார்கள். பாதம் தரையைத் தேய்க்கும். அந்தத் தேய்ப்புத்தான் பிறகு கூழைக்கும்பிடு என்ற பொருளுக்கு வந்தது.

வானத்தையே சுரண்டுகிற ஆசாமியும் உண்டு. 'ஸ்கைஸ்க்ரேப்பர்' என்பது முதலில் கட்டிடத்தின் பெயர் அல்ல. பாய்மரக் கப்பலில் மற்றப் பாய்களுக்கெல்லாம் மேலே உச்சியில் கட்டுகிற சின்னப் பாயின் பெயர். 1880-களில் அமெரிக்காவில் மாடி மேல் மாடி எழும்பத் தொடங்கியதும் பெயர் கட்டிடத்துக்கு இடம் மாறியது. 1885-ல் சிகாகோ நகரில் எழுந்த பத்து மாடிக் கட்டிடத்தை வாயைப் பிளந்து பார்த்தார்கள். சென்னையில் 1959-ல் மவுண்ட் ரோடில் திறக்கப்பட்ட பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டிடத்தை, வெளியூர்க்காரர்கள் கழுத்து வலிக்க நின்று பார்த்துவிட்டுப் போனது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். நாம் அதை வானளாவி என்கிறோம். ஆங்கிலேயனுக்கு வானத்தைச் சுரண்ட ஆசை; நமக்கு அளாவினாலே போதும்!

இன்னொரு வேடிக்கை. எழுதுவது என்பதே ஆதியில் சுரண்டுவதுதான். ஆங்கில 'ரைட்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் கீறுவது, செதுக்குவது. அழிப்பதும் சுரண்டல்தான். 'எரேஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்குச் சுரண்டி எடுப்பது என்று பொருள். முகத்தை மழிக்கும் 'ரேஸர்' அதற்குச் சகோதரன்.

ஐரோப்பாவில் ஆட்டுத் தோலைச் சுரண்டிப் பதப்படுத்தி அதில் எழுதினார்கள். தோல் விலை அதிகமானதால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே தோலில் புதிதாக எழுதும் வழக்கமும் இருந்தது. கிரேக்க மேதை ஆர்க்கிமிடீஸின் கணித நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் ஒருவர் படியெடுத்து வைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் அதைச் சுரண்டி, மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார். பாவம், அவருக்கு எழுதத் தோல் வேண்டியிருந்தது! 1906-ல் ஒரு டேனிஷ் அறிஞர் அடியில் மங்கலாகத் தெரிந்த எழுத்தைக் கண்டுபிடித்தார். அண்மைக் காலத்தில் எக்ஸ்ரே கொண்டு மிச்சத்தையும் வாசித்தார்கள். சுரண்டினாலும் சுவடு முற்றிலும் போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம்முடைய ஓலைச்சுவடியில் இந்தத் திருட்டுத்தனம் நடக்காது. எழுத்தாணி ஓலையைக் கீறிவிட்டால் கீறியதுதான். மேலே மையைத் தடவித் துடைத்தால் கீறல் மட்டும் கறுப்பாகத் தெரியும். அழிக்கப் பார்த்தால் ஓலையே கிழியும். ஆகையால் நம் முன்னோர்கள் எழுதுவதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்திருக்க வேண்டும்!

சரி, கள்ளக்குறிச்சி எங்கே வந்தது என்று கேட்கிறீர்களா? இதோ வந்துவிட்டோம்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், சுரண்டுகிற கைகள் அநேகம். முதலில் மரச் சிற்பிகளின் கைகள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் மரத்தைச் செதுக்கித் தெய்வ உருவங்கள் செய்கிறார்கள். உளி செதுக்கி முடித்த பிறகும் வேலை முடிவதில்லை. மேடு பள்ளமெல்லாம் போகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் அம்மனின் கன்னத்தில் ஒளி வரும். இந்த மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

அடுத்தது கடுக்காய். கல்வராயன் மலையில் புளி, பலா, தேனோடு கடுக்காயும் கிடைக்கிறது. வைத்தியப் பெட்டியில்தான் அதற்கு வேலை என்று நினைக்காதீர்கள். தோல் பதனிடும் தொழிலில் முதலில் சுண்ணாம்பில் ஊறவைத்த தோலிலிருந்து மயிரையும் சதையையும் சுரண்டி எடுப்பார்கள். பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தும் பழைய முறை ஒன்று தமிழ்நாட்டுக்கே பேர் வாங்கித் தந்தது. உங்கள் பாட்டியின் பழைய டிரங்குப் பெட்டியில் தோல் பட்டை இருந்தால், அதில் ஏதோ ஒரு மலைக் கடுக்காயின் துவர்ப்பும் ஊறியிருக்கக்கூடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சுரண்டல், மரவள்ளிக் கிழங்கினுடையது. குச்சிக்கிழங்கு என்றும் சொல்லுகிறார்களே, அதுதான். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளைகிற கிழங்கு லாரிகளில் ஏறிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. நீங்கள் பாயசத்தில் போடுகிற ஜவ்வரிசி அங்கேதான் பிறக்கிறது.

உண்மையான ஜவ்வரிசி, மலாய்த் தீவுகளில் வளரும் சாகோப் பனையின் தண்டுச் சோற்றைத் துருவிக் கரைத்து எடுப்பது. இரண்டாவது உலக யுத்தத்தில் கடல் வழி அடைபட்டதும் அது வருவது நின்றது. 1943-ல் சேலத்தில் மரவள்ளி மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். யுத்தம் முடிந்தது, தொழில் நிலைத்துவிட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலையில் நடப்பது என்ன? கிழங்கைக் கழுவித் தோலை நீக்குகிறார்கள். கையால் தோலுரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்து வந்தார்கள். பிறகு ரம்பப் பற்கள் பதித்த உருளை, தண்ணீர் பாயப் பாய வேகமாகச் சுழன்று கிழங்கைத் துருவித் தள்ளுகிறது. உங்கள் தேங்காய்த் துருவிக்குப் பெரிய அண்ணன்! வடிகட்டியதும் வருகிற பால் தொட்டியில் தெளிந்து, மாவு அடியில் தங்குகிறது. அதை உதிர்த்து, துணித் தொட்டிலில் போட்டு ஆட்டினால் மாவு உருண்டு உருண்டு முத்தாகிறது. வறுத்துக் காயவைத்தால் ஜவ்வரிசி.

வடிகட்டிய பிறகு மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். 'டாப்பியோக்கா' என்ற சொல் பிரேஸில் நாட்டுப் பூர்வகுடிகளின் டூப்பி மொழியிலிருந்து வந்தது. அதில் 'டிப்பி' என்றால் சக்கை, மண்டி! இதைக் கேட்டதும், "ஆஹா, தமிழன் பிரேஸில் வரை போயிருக்கிறான்!" என்று யாராவது கட்டுரை எழுத உட்கார்ந்துவிடப் போகிறார்கள். வேண்டாம். இரண்டு ஊர்களில் இரண்டு பேர் ஒரே மாதிரி மூக்கோடு பிறப்பதில்லையா? அந்த மாதிரி தற்செயல் ஒற்றுமைதான் இது.

இந்தத் துருவலில் ஓர் உயிர்காக்கும் விஷயமும் இருக்கிறது. மரவள்ளியில் ஸயனைடு விஷத்தை உண்டாக்கக்கூடிய பொருள் இயற்கையாகவே உண்டு. தோலிலும் இலையிலும் அதிகம். கசப்பு ரகக் கிழங்கில் இன்னும் அதிகம். கிழங்கைத் துருவும்போது திசுக்கள் உடைந்து, விஷம் வெளிப்பட்டு, காற்றோடும் தண்ணீரோடும் போய்விடுகிறது. ஆகவே வீட்டில் கிழங்கு வாங்கினால் மேல் தோலோடு அடியிலிருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் சேர்த்து உரித்து விடுங்கள். துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசந்தால் சாப்பிட வேண்டாம். பச்சைத் தோலையும் இலையையும் ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கையால் சுரண்டுகிற சுரண்டல். இனிமேல்தான் தமிழ்ச் சொல்லின் சாமர்த்தியம்.

ஒருவன் உழைப்பை இன்னொருவன் தின்று கொழுப்பதை ஆங்கிலத்தில் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்கிறார்கள். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு மடிப்பைப் பிரித்து விரிப்பது என்று பொருள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'எக்ஸ்ப்ளாய்ட்' என்றால் வீரச் செயல்! சுரண்டுவதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழில் நாம் அதற்குச் சுரண்டல் என்று பெயர் வைத்தோம். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு பொருத்தமான பெயர்!

நம் சமையலறைச் சொற்களையே எடுத்துக் கொள்ளுங்கள். துருவினால், வருகிற பூ நமக்கு வேண்டும், ஓடு வேண்டாம். சீவினால், வருகிற தோல் வேண்டாம். உள்ளே இருப்பது வேண்டும். வழித்தால், பாத்திரத்துக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் சுரண்டுவது என்றால்? ஒட்டிக் கொண்டிருப்பதை, வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதை, கொஞ்சங் கொஞ்சமாக நகத்தால் பெயர்த்து எடுப்பது. கொள்ளைக்காரன் ஒரே இரவில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடுவான். ஊரே கூக்குரல் போடும். சுரண்டுகிறவன் தினம் ஒரு துளி எடுக்கிறான். சத்தமே வெளியில் கேட்பதில்லை.

சீட்டைச் சுரண்டிப் பரிசு பார்க்கிற லாட்டரிக்குச் சுரண்டல் லாட்டரி என்று நம் ஜனங்கள் பெயர் வைத்தார்கள். ஸ்வீடனிலும் அதற்கு 'ஸ்க்ராப்லாட்' என்று அதே பொருளில்தான் பெயர். ஆனால் இரண்டாவது அர்த்தம் தமிழில்தான் பளிச்சென்று தெரிந்தது. சீட்டைச் சுரண்டியவர் குடும்பத் தலைவர்; சுரண்டப்பட்டது குடும்பம். சம்பளக் கவர் வீடு வந்து சேராமல் எத்தனை பெண்கள் கண்ணீர் விட்டார்கள்! 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது பெருமூச்சு விட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

கல்வராயன் மலைக்கு இந்த இரண்டாவது அர்த்தம் நன்றாகத் தெரியும். அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்பது பெயரின் பொருள். தமிழ்தான் பேசுகிறார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்த அந்த மலை, நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாக இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் ஜாகீர்தாரின் நிலத்தில் மலைமக்கள் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1976-ல்தான் ஜாகீர் முறை முடிந்து மலை அரசாங்கத்தின் நிர்வாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான். கீழே சமவெளியில் நாம் 1947-ல் கொடியேற்றி மிட்டாய் தின்றோம். மலை மேலே மிட்டாய் வந்து சேர இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று!

அதன் பிறகாவது சுரண்டல் ஓய்ந்ததா? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். பெரும்பாலோர் அன்றாடங் காய்ச்சிகள். பல வீடுகளில் சம்பாதிக்கிற கை போயிற்று; பிள்ளைகளும் பெண்களும் நின்றார்கள். அதே வருஷத்தில், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக் கொண்டு, சாலை, பள்ளிக்கூடம், வைத்திய வசதி பற்றியெல்லாம் அரசாங்கத்தைக் கேட்டது. கேட்க வேண்டிய நிலைமை இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

மரவள்ளி விவசாயியின் கதையும் கொஞ்சம் இருக்கிறது. கிழங்குக்கு எடைக்கு மட்டும் விலை இல்லை. அதில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று பார்த்து, 'ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு' என்று கணக்குப் போடுகிறார்கள். பார்க்கிற இடம் ஆலை. பார்க்கிற கையும் வாங்குகிறவருடையது. மலையிலிருந்து லாரி வாடகை கொடுத்து இறக்கிய கிழங்கை, பாயிண்ட் குறைந்துவிட்டது என்பதற்காகத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக முடியுமா? ஆலைக்காரர்களுக்கும் இதே மாதிரி ஒரு சங்கடம் முன்பு இருந்தது. ஜவ்வரிசியை வாங்குகிற இடைத்தரகர்கள் வைத்ததுதான் விலை. 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, நாலு பேர் அறியச் சரக்கை விற்க வழி செய்து கொண்டார்கள். சுரண்டலுக்கு மருந்து அதுதான்: நாலு பேர் பார்க்க அளப்பது. ஆலைக்குக் கிடைத்த அந்த மருந்து, கிழங்கு விளைவிக்கிறவருக்கும் அதே அளவில் கிடைக்க வேண்டாமா?

இந்த நாளில் சொல்லுக்குப் புதிதாக இன்னொரு வேஷமும் வந்திருக்கிறது. இணையத்தில் பிறர் எழுதி வைத்திருப்பதைக் கம்ப்யூட்டர் நிரல்கள் பக்கம் பக்கமாகத் திரட்டிக் கொள்வதற்கும் 'ஸ்க்ரேப்பிங்' என்றே பெயர். அது துருவலா, வழித்தலா, சுரண்டலா என்று கோர்ட்டுகளில் வாதம் நடக்கிறது. தமிழ் தெரிந்த ஒரு ஜட்ஜ் இருந்தால், மூன்று சொல்லையும் அருகருகே வைத்தே பாதி வழக்கைத் தீர்த்து விடுவார்!

நாமும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள்தான். காய்கறிக்காரியிடம் கடைசி இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் ஒரு நாள் லீவுக்குச் சம்பளத்தைப் பிடிக்கிறோம். அந்த நேரத்தில் நம் கை எந்த வினைச்சொல்லைச் செய்கிறது? அதைக் கேட்டுக்கொள்ள அகராதி தேவையில்லை. பாத்திரத்தைச் சுரண்டும்போது எழுகிற அந்தப் பல் கூசும் சத்தம், கொஞ்சம் காதைக் கொடுத்தால் அங்கேயும் கேட்கும்.

அடுத்த தடவை ஜவ்வரிசிப் பாயசம் வைக்கும்போது, பாத்திரத்தின் அடியை ஆசையாக வழித்துச் சாப்பிடுங்கள். அதில் குற்றமே இல்லை. வழித்தலால் யாருக்கும் நஷ்டமில்லை. பாத்திரம் தேய்க்கிறவருக்கு லாபம்!